சலங்கைக்குப் பட்டம் வந்த கதை

திருவண்ணாமலை ராஜகோபுர வாசலில் நுழைகிறவர்களுக்கு இரண்டே கவலை. விட்டுவந்த செருப்பு பத்திரமாக இருக்குமா, உள்ளே வரிசை எவ்வளவு நீளம். பதினோரு நிலை, 217 அடி உயரம், கிருஷ்ணதேவராயர் தொடங்கி வைத்துத் தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்துவைத்த கோபுரம் அது. அதன் நடையைக் கடக்கும்போது இருபுறச் சுவரையும் பார்க்கிறவர்கள் குறைவு. அங்கே கட்டம் கட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, ஆடும் உருவங்கள் ஏறிக்கொண்டே போகின்றன. நாட்டிய சாஸ்திரம் தன் நான்காம் அத்தியாயத்தில் விளக்கும் 108 கரணங்களின் கல்வடிவம். தஞ்சைப் பெரிய கோயில், சிதம்பரம், கும்பகோணம் சாரங்கபாணி கோயில், விருத்தாசலம், திருவண்ணாமலை என்று ஐந்து இடங்களில் இப்படிக் கரணத் தொகுதி இருப்பதைப் பரதநாட்டியம் பட்டப்படிப்பாகப் படிக்கும் எந்த மாணவியைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். அவளுக்கு அது பரீட்சைக் கேள்வி.

கோயில் சுவரில் இருந்தது பரீட்சைக் கேள்வியாக மாறுவதற்கு நடுவில் என்னென்னவோ நடந்திருக்கிறது. ஒரு ராஜகல்யாணம், ஒரு சட்டம், ஒரு சுவடிப் பதிப்பு, அமெரிக்காவில் ஓர் உயிரியல் பட்டதாரி. இவ்வளவும் சேர்ந்துதான் ஆடுகிற காலுக்கு ஒரு டிகிரி கிடைத்தது.

நடனத்துக்குப் பாடத்திட்டமும் தேர்வும் புதிது என்று யாராவது சொன்னால், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் காட்ட வேண்டும். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டில் சோழன் முன்னால் ஆடுகிறாள். ஆடலாசான் என்ன தெரிந்தவனாக இருக்க வேண்டும், இசையாசிரியன், பாட்டெழுதும் புலவன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழாசிரியன் ஒவ்வொருவருக்கும் என்ன தகுதி என்று இளங்கோ வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். மேடை எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். தேறியவளுக்குத் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும். ஆசிரியர் தகுதி, கட்டட அளவு, படிப்புக் காலம், பட்டம், பரிசு எல்லாம் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வுக்கு வந்தால் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காது.

மாதவிக்கும் இன்றைய மாணவிக்கும் உள்ள வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. மாதவி நாடகக் கணிகையர் குலத்தில் பிறந்தவள். விண்ணப்பப் படிவம் போட்டு அந்த வகுப்பில் சேர யாராலும் முடியாது. பின்னால் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பல ஊர்களிலிருந்து ஆடல் மகளிரான நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் பங்காகக் கொடுத்தபோது, பெயர் பெயராகக் கல்லில் வெட்டினான். நட்டுவம் செய்வோர் பெயரும் அந்தக் கல்வெட்டில் உண்டு. எங்கே படித்தார்கள், எத்தனை மதிப்பெண் என்ற பேச்சு இல்லை. எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவள் என்பதுதான் அவளுடைய சான்றிதழ்.

அந்த மரபுக்குக் கச்சிதமான ஒரு பாடவரிசை வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள், அடவுகளை வகைப்படுத்தி, அலாரிப்பில் தொடங்கி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் என்று போய்த் தில்லானாவில் முடியும் கச்சேரி முறையை நிலைநிறுத்தினார்கள். இன்று எந்தக் கல்லூரியின் செய்முறைத் தேர்வையும் எடுத்துப் பாருங்கள்: முதலாண்டு அடவும் அலாரிப்பும், கடைசி ஆண்டு வர்ணம். பல்கலைக்கழகங்கள் சேர்த்தது பருவ எண்ணும் மதிப்பெண்ணும்தான். வரிசை தஞ்சை நால்வருடையது.

அடுத்த கட்டம் தமிழ்நாட்டுக்கு வெளியே நடந்தது. 1880இல் பரோடா மகாராஜா மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட், தஞ்சையைச் சேர்ந்த லட்சுமிபாயை மணந்தார். கல்யாணச் சீரோடு தஞ்சையிலிருந்து, அன்று சதிர் என்று அழைக்கப்பட்ட இந்த ஆட்டத்தின் குழு ஒன்றும் பரோடாவுக்குப் போனது. கௌரி, காந்திமதி என்ற ஆடல் மகளிர், நட்டுவனார், பக்கவாத்தியக்காரர்கள். பெண்களை இப்படிச் சீராக அனுப்பினார்களா என்று இன்று நமக்குத் தொண்டை அடைக்கிறது. அன்றைக்கு அரண்மனைகளின் கணக்கில் அது சாதாரணம். காந்திமதியின் மகன் குபேர்நாத் தஞ்சோர்க்கர் குஜராத்திலேயே பரதநாட்டிய ஆசானாக விளங்கினார்.

சயாஜிராவ் பள்ளிக்கூடம் திறப்பதில் ஆசை கொண்ட அரசர். 1886இல் பரோடாவில் மௌலா பக்ஷ் என்ற இசைக்கலைஞரின் பொறுப்பில் காயன் சாலை தொடங்கியது. வீட்டுக்குள்ளேயே கைமாறிவந்த சங்கீதத்தை, மணியடித்தால் தொடங்கி மணியடித்தால் முடியும் வகுப்பாக அங்கே ஆக்கினார்கள். ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்து நடனத்துக்கு வந்த டிகிரி இந்தச் சாலையின் வாரிசுதான்.

அதற்கு முன்னால் ஒன்று தேவைப்பட்டது. பல்கலைக்கழகம் என்றால் புத்தகம் வேண்டும். நட்டுவனாரின் தட்டுக்கழி சொல்வதை வினாத்தாள் ஆக்க முடியாது. நாட்டிய சாஸ்திரச் சுவடிகளோ பல இடங்களில் சிதைந்தும் முரண்பட்டும் கிடந்தன. அங்கேதான் சிதம்பரம் கைகொடுத்தது. சிதம்பரம் கோபுரங்களில் கரணச் சிற்பத்தோடு அதற்குரிய நாட்டிய சாஸ்திர சுலோகத்தையும் கிரந்த எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். படமும் விளக்கமும் ஒரே இடத்தில். 1914ஆம் ஆண்டின் சென்னைக் கல்வெட்டுத் துறை அறிக்கை அவற்றை வெளியுலகுக்குக் கொண்டுவந்தது. 1926இல் மானவல்லி ராமகிருஷ்ண கவி, அபிநவகுப்தரின் உரையோடு நாட்டிய சாஸ்திரத்தின் முதல் தொகுதியைப் பதிப்பித்தபோது, சிதம்பரத்துக் கரணப் படங்களும் அதில் இடம்பெற்றன. வெளியிட்டது யார்? பரோடாவின் கெய்க்வாட் கீழைத்தேய நூல்வரிசை. ஆட்டக்காரர்கள் போன வழியிலேயே சுவர்ச் சிற்பமும் போய்ச் சேர்ந்தது.

அதே 1926இல் உலகின் மறுபக்கத்தில் ஒரு காரியம் நடந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் நடனத்தை ஒரு முதன்மைப் பாடமாக ஏற்றுப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. அங்கே அதுவே முதல். அதன் பின்னால் இருந்த மார்கரெட் ஹடோப்ளர் உயிரியல் படித்தவர், பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். மேடை நர்த்தகி கிடையாது. கல்லூரிப் பெண்கள் படிக்கத் தகுந்த நடனம் எங்காவது இருக்கிறதா பார்த்து வா என்று நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். கிடைத்ததெல்லாம் பிறருடைய அசைவைப் பார்த்து அப்படியே செய்யும் வகுப்புகள். அவருக்கு அது பிடிக்கவில்லை. 1917இல் ஊர் திரும்பி, மாணவிகளைத் தரையில் படுக்க வைத்து, எந்த மூட்டு எப்படி அசைகிறது என்பதிலிருந்து ஆரம்பித்தார். வகுப்பில் ஒரு எலும்புக்கூட்டை நிறுத்தியிருந்தார். நடனம் உடல் பற்றிய அறிவு என்று சொல்லித்தான் பேராசிரியர் சபையில் அவரால் வாதாட முடிந்தது.

இந்தியாவில் யாரும் எலும்புக்கூட்டைக் காட்டவில்லை. இங்கே காட்டியது சாஸ்திரத்தை. காரணம், இங்கே நடனத்துக்கு இருந்த சிக்கல் வேறு. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920களின் கடைசியிலிருந்து சட்டமன்றத்தில் போராடினார். சதிரையே ஒழித்துவிடக் கூடாது என்று வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர் எதிர்ப்பக்கத்தில் நின்றார். பெண் வேடமிட்டுத் தாமே ஆடியும் காட்டினார். 1931இல் சென்னை மியூசிக் அகாதெமி கல்யாணி என்ற சதிர்க் கலைஞரின் பெண்களை மேடையேற்றியது. சதிர் 'பரதநாட்டியம்' ஆனதும் அந்த ஆண்டுகளில்தான். 1935 டிசம்பரில் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். மறுவருஷமே அவருடைய கலாக்ஷேத்ரா பிறந்தது. 1947இல் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியது.

என் கணிப்பில், நடனத்துக்குப் பட்டப்படிப்பு வர வேண்டிய கட்டாயம் இந்தப் பதினைந்து இருபது வருஷத்தில்தான் உருவாயிற்று. அதுவரை யார் ஆடலாம், யார் சொல்லித்தரலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. அந்த வாசல் மூடியபின் அதை யார் முடிவு செய்வது? புதிதாக ஆட வந்த குடும்பங்களுக்குக் குலச் சான்று இல்லை, தேவையும் இல்லை. ஆனால் வேறு ஏதாவது ஒரு சான்று வேண்டும். சமூகத்துக்கும் 'என் மகள் சதிராடுகிறாள்' என்பதைவிட 'நாட்டியத்தில் டிப்ளமா வாங்கியிருக்கிறாள்' என்று சொல்வது எளிதாக இருந்தது. குலத்துக்குப் பதில் காகிதம். இதில் நியாயமும் இருக்கிறது, அநியாயமும் இருக்கிறது. எந்தச் சாதிப் பெண்ணும் ஆடலாம் என்றானது நியாயம். தலைமுறை தலைமுறையாக அந்த வித்தையைக் காப்பாற்றிய குடும்பங்களின் பெண்கள் வெட்கப்பட்டுச் சலங்கையை அவிழ்த்துவிட்டு ஒதுங்கியதை எந்தப் பட்டமளிப்பு விழாவும் பேசுவதில்லை.

கலாக்ஷேத்ரா கொடுத்தது டிப்ளமா. நாட்டிலேயே மதிப்பு மிக்க டிப்ளமா, ஆனாலும் டிப்ளமா. பட்டம் முதலில் வந்த இடம் பரோடா. 1949இல் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் பிறந்தபோது பழைய காயன் சாலையின் வழிவந்த கல்லூரியும் அதில் சேர்ந்தது. 1950இல் அங்கே நடனத்துறை தொடங்கியது. துணைவேந்தர் ஹன்சா மேத்தா, அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர். துறையின் முதல் தலைவர் மோகன் கோகர் கலாக்ஷேத்ராவில் வந்து படித்த வடநாட்டு இளைஞர், மனைவி எம். கே. சரோஜா சென்னைக்காரர், முத்துக்குமாரப் பிள்ளையின் சிஷ்யை. பின்னால் பொறுப்பேற்ற அஞ்சலி மேர் அவர்களும் கலாக்ஷேத்ரா வார்ப்புதான். ஆக, இந்தியாவில் பல்கலைக்கழகப் பட்டமாகப் பரதநாட்டியத்தை முதலில் படித்தவர்கள் குஜராத்தில் படித்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்களின் பாணி தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து அடையாறு வழியாகப் போனது.

அங்கே 1980இல் வந்து சேர்ந்து, பின்னர் புலத் தலைவராகி, 1992இல் ஓய்வுபெற்ற சி. வி. சந்திரசேகர் பற்றி ஒரு வார்த்தை. கலாக்ஷேத்ராவில் ஆடக் கற்றவர், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் எம்.எஸ்ஸி. வாங்கியவர், அங்கேயே நடனம் கற்பித்தவர். எழுபது வயதுக்கு மேலும் அரைமண்டி குறையாமல் ஆடிய மனிதர். விஸ்கான்சினிலும் உயிரியல், இங்கும் உயிரியல். தற்செயல்தான், இருந்தாலும் எனக்கு இந்தப் பொருத்தம் பிடித்திருக்கிறது.

டிகிரி என்று ஆனதும் நடனத்துக்குள் ஒரு கோடு விழுந்தது. ஒருபக்கம் செய்முறை, மறுபக்கம் எழுத்துத் தாள். குருவின் வீட்டில் இந்தப் பிரிவு கிடையாது. தட்டடவு தட்டிக்கொண்டே தாளம் தெரியும், பதத்துக்கு அபிநயம் பிடிக்கும்போதே நாயகி யார் என்று புரியும். கல்லூரியில் தாளம் ஒரு தாள், நாயக நாயகி பாவம் ஒரு தாள், அபிநய தர்ப்பணம் ஒரு தாள். இதைக் குறை என்று மட்டும் சொல்ல மாட்டேன். குரு வீட்டில் ஏன் என்று கேட்டால் கழி பேசும். கல்லூரி மாணவி ஏன் என்று கேட்கலாம். கேட்டுத்தான் ஆக வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு.

கெட்டுப்போனது காலம். குரு வீட்டில் நாட்டடவு படியும்வரை அடுத்ததற்குப் போக முடியாது. அது ஆறு மாதமோ இரண்டு வருஷமோ. பருவத்துக்குத் தொண்ணூறு வேலைநாள் என்ற கணக்கில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. அதோடு இன்னொரு தொல்லை. இயற்பியல் பட்டத்துக்கு வருகிறவள் பன்னிரண்டாம் வகுப்புவரை இயற்பியல் படித்துவிட்டு வருகிறாள். நடனப் பட்டத்துக்கு வருகிற இருபது பேரில் ஐந்து வயதிலிருந்து ஆடியவளும் இருப்பாள், பள்ளி ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடியதோடு சரி என்பவளும் இருப்பாள். இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி 'தெய்யா தெய்' சொல்ல வேண்டியது ஆசிரியரின் தலையெழுத்து.

எழுத்துத் தாளிலிருந்து மேடைக்குத் திரும்ப ஒரு பாதை போட்டவர் பத்மா சுப்ரமணியம். கரணங்களையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்து, தொல்லியல் அறிஞர் டி. என். ராமச்சந்திரனின் வழிகாட்டலில் உழைத்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் வாதம் இதுதான்: கரணம் என்பது நின்ற நிலை கிடையாது, அது ஓர் அசைவு. சிற்பி அந்த அசைவின் நடுவில் ஒரு கணத்தைப் பிடித்திருக்கிறான். தஞ்சையில் ஒரு கணம், சிதம்பரத்தில் வேறொரு கணம், திருவண்ணாமலையில் மற்றொன்று. ஐந்து கோயில்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அசைவு முழுதாகக் கிடைக்கும். எல்லா நர்த்தகிகளும் இதை ஏற்கவில்லை. மரபு ஆட்டத்தில் இல்லாததைச் சேர்க்கிறார் என்ற விமர்சனம் எழுந்தது. அந்தச் சண்டை எப்படி இருந்தாலும், ஆடுகிறவளே ஆராய்ச்சியாளராகவும் இருக்கலாம் என்று அவர் காட்டினார். பின்னர் மகாராஷ்டிரத்தின் சதாராவில் எழுந்த நடராஜர் கோயிலுக்கு 108 கரணச் சிற்பங்களையும் அவரே வடிவமைத்துக் கொடுத்தார். கோயிலிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போனது மறுபடி கோயிலுக்குப் போயிற்று.

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் மெதுவாகத்தான் அசைந்தன. சென்னையில் 1949இல் தொடங்கிய கர்நாடக சங்கீத மத்தியக் கல்லூரியே இன்றைய அரசு இசைக் கல்லூரி. முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வராக இருந்தவர். பாட்டுக்குத்தான் அங்கே முதல் பந்தி. திருச்சியில் 1977இல் ஒரு கிறித்தவப் பாதிரியார், ஜார்ஜ் அடிகள், கலைக்காவிரியைத் தொடங்கினார். அது பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ்ப் பரதநாட்டியத்தில் பட்டம் தரும் நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. சதிரைத் தீட்டாகப் பார்த்தவர்களில் பாதிரிமாரும் உண்டு என்பது நினைவுக்கு வந்தால், காலம் சுழன்றிருக்கும் வேகம் புரியும். புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடம். கடல்தாண்டி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம். மட்டக்களப்பில், யாழ் நூல் எழுதிய விபுலானந்தரின் பெயரைத் தாங்கிய நிறுவகம். கடைசியாக 2013இல் தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்தது. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு இசைக் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. பரோடாவுக்கும் இதற்கும் இடையே அறுபத்து மூன்று வருஷம்.

திருவண்ணாமலைக்கு வருவோம். இங்கே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என ஏழு பாடங்கள், மூன்றாண்டுச் சான்றிதழ். ஏழாம் வகுப்பு தேறியிருந்தால் பரதத்தில் சேரலாம். மாலையில் கட்டணம் கட்டித் தனியார் வகுப்புக்குப் போக முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல். நான் முன்னே சொன்ன, கல்லூரிக்கு முன்னாலுள்ள வெற்றிடத்தை நிரப்புவதும் இந்தப் பள்ளிகள்தான். ஆனால் மூன்றாண்டு முடித்தவள் பட்டத்துக்குப் படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறிச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். விடுதிச் செலவு, பிறகு 'இதைப் படித்து என்ன வேலை?' என்ற பாட்டியின் கேள்வி. படிப்பின் பெயரே ஊருக்கு ஊர் மாறுகிறது: சில இடத்தில் பி.ஏ., சில இடத்தில் பி.எஃப்.ஏ., சில இடத்தில் பி.பி.ஏ. இந்தக் கடைசிப் பெயரைக் காதில் வாங்கியவுடன் வணிக நிர்வாகம் என்று நினைத்து நிம்மதியடையும் உறவினர்களும் உண்டு.

இந்த ஊருக்கு நடனத்தின் மேல் இருக்கும் உரிமை சின்னதில்லை. சந்தத்தையே தாளக்கட்டாக நெய்த அருணகிரிநாதர் ஊர் இது. முருகனை ஆட வைத்துக் கம்பத்தில் வரவழைத்தார் என்று கம்பத்து இளையனார் சன்னதியைக் காட்டிச் சொல்வார்கள். கார்த்திகை தீபத்தன்று மலைமேல் தீபம் ஏறுவதற்கு முன், அர்த்தநாரீஸ்வரர் ஆடியபடி வெளியே வந்து சில நிமிடத்தில் உள்ளே போய்விடுவார். தூக்கி வருகிறவர்களின் காலில்தான் அந்தத் தாண்டவம். ஆண்டுக்கு ஒருமுறை லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் பார்க்கும் நடனம் வேறு எந்தக் கல்லூரி வளாகத்தில் நடக்கிறது?

ஆகவே இங்கே ஒரு நடனப் பட்டப்படிப்பு தொடங்கலாம் என்பது என் ஆசை. கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரியிலோ, இசைப்பள்ளியை உயர்த்தியோ, எப்படியாவது. கரணத் தாளை வகுப்பில் குறிப்பெடுத்து எழுதாமல் ராஜகோபுர நடையில் நின்று படிக்கலாம். ஒரு பருவம் முழுக்கத் திருப்புகழ்த் தாளங்களுக்கே ஒதுக்கலாம். செய்யாறு, வந்தவாசிப் பக்கத் தெருக்கூத்து வாத்தியார்களை வரவழைத்து, கூத்தின் அடவும் பரதத்தின் அடவும் எங்கே பிரிந்தன என்று பிள்ளைகள் காலாலேயே கண்டுபிடிக்கலாம். பாடத்திட்டம் எழுதுவது சுலபம். சிக்கல் ஆள் எடுப்பதில் வரும். உதவிப் பேராசிரியர் பதவிக்கு முதுகலையும் நெட் தேர்ச்சியும் கேட்பார்கள். இந்தப் படிப்புக்கு முதலில் வேண்டியது நட்டுவாங்கம் பிடிக்கத் தெரிந்த ஒரு பெரியவரும், விடியவிடியக் கூத்தாடிய ஒரு வாத்தியாரும். இரண்டு பேரிடமும் அந்தக் காகிதம் இருக்காது.